முன்பணத்துக்கு யார் ஜாமீன்?

நாகர்கோவில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் தட்டச்சும் நகலெடுப்புமாகக் கடை நடத்துகிறவனிடம், இல்லாத படிவங்களைக் கேட்டு வருகிறவர்கள் எப்போதும் உண்டு. அப்படித்தான் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உடைக்கும் ஓர் அக்கா, வாடகைக்கு அரசு பணம் தருகிற திட்டத்துக்கு மனு எழுதித் தரும்படி கேட்டு வந்தார். அவருடைய தங்கை மகள் நர்சிங் முடித்து ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள்; நம் மாவட்டத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. அந்த ஊரில் வருமானம் குறைந்தவர்களுக்கு வாடகையில் ஒரு பங்கை அரசாங்கமே கொடுத்துவிடுகிறது என்று அவள் போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள். "அங்க உண்டும்னா இங்கயும் ஏதாவது உண்டும்லா அண்ணே? நமக்குத் தெரியாமக் கெடக்கும்" என்றார் அக்கா. அப்படி ஒரு திட்டம் இங்கே இல்லை என்று சொல்லி அவரை அனுப்பிவைப்பது எளிது, அனுப்பியும் வைத்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. மகப்பேற்றுக்கு உதவி, படிப்புக்கு உதவி, பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை என்று குடும்பச் செலவின் ஒவ்வொரு முனையிலும் ஏதோ ஒரு விதத்தில் கைகொடுக்கிற மாநிலத்தில், மாதத்தின் முதல் வாரத்தில் ஏழைக் குடும்பத்தின் கையை விட்டு மொத்தமாகப் போகிற தொகைக்கு மட்டும் ஏன் ஒரு படிவம்கூட இல்லை?

வீடு என்றாலே நம் அரசுகளின் கணக்கில் அது சொந்த வீடுதான். மாநில அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், கிராமத்துக் குடிசையின் இடத்தில் கான்கிரீட் கூரை வீடு கட்ட 3,50,000 ரூபாய் தருகிறது. ஒன்றிய அரசின் பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2015-இல் தொடங்கி, 2024-இல் இரண்டாம் கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருப்பவர் தன் மனையில் வீடு கட்டிக்கொண்டால் அதிலும் உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் முதலில் காலடியில் மண் வேண்டும், அந்த மண்ணுக்குப் பட்டா வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல் நெருங்கி வாழும் மாவட்டம் இது. சென்னையை விட்டால் மாநிலத்திலேயே நெரிசல் மிக்கது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் தென்னையும் ரப்பரும் குளங்களும் போக மிஞ்சுகிற நிலத்தைச் சென்ட் கணக்கில்தான் விற்கிறார்கள். அண்டி ஆபீசில் வாரக்கூலி வாங்குகிறவர், அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டை தாமதமானால் வேலையே இல்லாமல் வீட்டிலிருக்கிறவர், மூன்று சென்ட் வாங்கிப் பட்டாவோடு வந்து உதவித்தொகை கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

இந்த யோசனை யாருக்கும் வராமல் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசு 2015-இல் வெளியிட்ட நகர்ப்புற வாடகை வீட்டுவசதிக் கொள்கை வரைவில், ஏழை வாடகைதாரர்களுக்கு வாடகைச் சீட்டு, அதாவது வாடகையில் ஒரு பங்குக்கு ஈடாக அரசு தரும் சீட்டு, கொடுக்கும் எண்ணம் எழுத்திலேயே இருந்தது. நாடு தழுவிய திட்டமாக அது வரவில்லை. நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வாடகைக் குடியிருப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த உதவி, வாடகைக்கு விடுவதற்காகப் புதிதாகக் கட்டடம் எழுப்புவதற்கும், காலியாகக் கிடக்கும் அரசுக் குடியிருப்புகளை வாடகைக்கு விடுவதற்கும்தான். நாகர்கோவிலின் வடசேரியிலோ கோட்டாற்றிலோ ஒரு வளவுக்குள், பல வீடுகள் சேர்ந்த ஒரே சுற்றுச்சுவருக்குள், ஏற்கெனவே குடியிருக்கும் குடும்பத்தின் வாடகையை அது தொடுவதில்லை. மாநிலத்தின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், தன் பழைய குடியிருப்புகளை இடித்துக் கட்டும் காலத்தில் வெளியே தங்கிக்கொள்வதற்காக ஒதுக்கீட்டாளர்களுக்கு 24,000 ரூபாய் கருணைத்தொகை கொடுக்கிறது. ஏழை ஒருவர் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பதற்காக அரசு நேரடியாகப் பணம் கொடுக்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதுவும் அரசே அவரை வீட்டிலிருந்து இறக்கியதற்காக.

சம்பளச் சீட்டு உள்ளவருக்கு உண்டு

வாடகைக்கு அரசு உதவுவதே இல்லை என்று சொன்னாலும் அது முழு உண்மையாகாது. அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி இருக்கிறது. ஊரின் தரத்தையும் சம்பளத்தையும் பார்த்து அது நிர்ணயமாகிறது. அரசுக் குடியிருப்பில் இல்லாதவர்களுக்கு மாதந்தோறும் சம்பளத்தோடு வந்துவிடுகிறது. சொந்த வீட்டில் இருப்பவருக்கும் படி உண்டு. தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவர், பழைய வரிமுறையில் இருந்தால், வாடகை ரசீதைக் காட்டி அந்தப் படிக்கு வருமான வரி விலக்குப் பெறலாம். படி இல்லாதவருக்குக்கூட, கட்டும் வாடகைக்கு வரிக்கழிவு என்று வருமான வரிச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது: 2016-இல் அதன் உச்சவரம்பை மாதத்துக்கு 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்த்தினார்கள். மார்ச் மாதம் நெருங்கும்போது என் கடையில் அதிகம் அச்சாவது வாடகை ரசீதுகள்தாம். மாமனார் வீட்டில் குடியிருந்துகொண்டு மாமனார் கையெழுத்தோடு ரசீது கொண்டுபோகிறவர்களும் வரிசையில் நிற்பார்கள். நான் எதுவும் கேட்பதில்லை. ரசீதுக்குத்தான் காசு வாங்குகிறேன்.

ஆக, வாடகை என்பது அரசு பங்கெடுத்துக்கொள்ளத் தக்க செலவு என்ற கொள்கை நம் நாட்டில் எப்போதோ ஏற்கப்பட்டுவிட்டது. சம்பளச் சீட்டு வழியாக மட்டுமே அந்தப் பங்கு வந்து சேர்கிறது என்பதுதான் சிக்கல். கூலிக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரி இல்லை, ஆகவே விலக்கும் இல்லை.

கொரோனா காலத்தில் டெல்லியில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். 2020 மார்ச் இறுதியில், வாடகை கட்ட முடியாத ஏழைகளின் வாடகையை அரசே கொடுத்துவிடும், வீட்டுக்காரர்கள் அவர்களை வற்புறுத்த வேண்டாம் என்று அப்போதைய டெல்லி முதலமைச்சர் அறிவித்தார். சில வாடகைதாரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலமைச்சர் கொடுத்த வாக்குறுதி செயல்படுத்தத் தக்கது, அரசு முடிவெடுக்க வேண்டும் என்று 2021 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வழக்கைப் பற்றிப் படித்தபோது என் மனத்தில் நின்றது வேறொரு கேள்வி. வாக்குறுதியை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று வந்திருந்தாலும், யார் எந்த வீட்டில் எவ்வளவு வாடகைக்கு இருந்தார் என்பதை அரசு எந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்திருக்கும்?

ஐம்பதாயிரத்தின் வரலாறு

அந்த அக்காவின் வாடகைக் கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வெட்டூர்ணிமடம் பக்கம் ஓட்டு வீடு ஒன்றில் அவர் குடும்பத்தோடு இருந்தார். வீட்டுக்காரரின் மகன் வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறான், வீடு வேண்டும் என்றார்கள். சண்டை எதுவும் இல்லை. மரியாதையாகவே பேசி, இரண்டு மாத அவகாசமும் கொடுத்தார்கள். ஒழுகினசேரியில் வேறு ஒரு வீடு கிடைத்தது. வாடகை 4,500 ரூபாய், முன்பணம் 50,000 ரூபாய். பழைய வீட்டுக்கு அவர் கொடுத்திருந்த முன்பணம் 30,000 ரூபாய். அதில் வெள்ளையடிக்கிற கூலி, உடைந்த குழாய், கடைசி மாதக் கரண்டு என்று கழித்துக்கொண்டு, மிச்சத்தை வேறு ஆள் வந்து முன்பணம் தந்ததும் தருவதாகச் சொன்னார்கள். மகனுக்காக எடுத்த வீட்டுக்கு வேறு ஆள் எப்படி வருவார் என்று அக்கா கேட்கவில்லை. கேட்டால் அந்த மிச்சமும் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும்.

இப்படி இரண்டு முன்பணங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் ஐம்பதாயிரத்தை எப்படிச் சேர்த்தார் என்பதை என் மேசை மேல் வைத்த ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டேன். மகளின் பழைய கணக்கு நோட்டு, பின்பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். முதல் வரியில் குழு லோன். அதற்குக் கீழே கம்மல் அடகு, அடகுச் சீட்டின் எண்ணோடு. பிறகு தம்பியிடம் கைமாற்று. பக்கத்தில் 'ஓணத்துக்குள்ள' என்று ஒரு குறிப்பு. கடைசியில் வாரந்தோறும் வீட்டு வாசலுக்கே வந்து வசூலிக்கும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன். அதன் தவணை அட்டையை நோட்டுக்குள்ளேயே செருகியிருந்தார். அட்டையின் கட்டங்களில் பாதிக்கு மேல் கையெழுத்தாகியிருந்தது. அந்த வாரத் தவணையை நான்கால் பெருக்கிப் பார்த்தேன். மாத வாடகையில் பாதிக்குக் கிட்ட வந்தது.

அந்த நோட்டைப் பார்த்த பிறகு வாடகை உதவி என்றால் மாத வாடகைக்கு உதவி என்று நினைப்பதை நிறுத்திக்கொண்டேன். மாத வாடகையை அவர் இத்தனை ஆண்டுகளாக எப்படியோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு மாதம் தள்ளிப்போனாலும் அடுத்த மாதம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அவரைச் சாய்ப்பது வீடு மாறுகிற நாள். வீட்டுக்காரர் நல்லவரோ கெட்டவரோ, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்த நாள் வந்தே தீரும். அன்று ஒரே நேரத்தில் வாங்குகிற கடன், அதன் பிறகு வரும் மாதங்களின் வாடகையையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு வழியாக ஒத்தி இருக்கிறது. இரண்டோ மூன்றோ லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, கெடு முடிந்ததும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. கையில் பணம் இருப்பவருக்கு அது நல்ல ஏற்பாடு. கடன் வாங்கி ஒத்திக்குப் போகிறவர், வாடகையை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அதைவிட அதிகமாக வட்டி கட்டுகிறார். அதோடு, ஒத்தி போலச் சுவாதீனத்தோடு கூடிய, அதாவது வீட்டையே கையில் ஒப்படைக்கிற, அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தில் இருக்கிறது. என் கடைக்கு வருகிற ஒத்திப் பத்திரங்களில் பெரும்பாலானவை பதிவு அலுவலகத்தின் வாசலைப் பார்ப்பதில்லை. வீட்டுக்காரர் அந்த இடத்தை வேறு யாருக்காவது விற்றுவிட்டால் அந்தத் தாள் எவ்வளவு தாங்கும் என்பதை நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

வளவுக்கார அம்மா

ஒழுகினசேரி வீட்டுக்கு முறையாக ஒப்பந்தம் எழுதிவிடலாம், ரேஷன் கார்டில் முகவரி மாற்றவும் உதவும் என்று சொல்லி, அக்காவோடு அந்த வீட்டுக்கார அம்மாவைப் பார்க்கப் போனேன். ஒரே வளவுக்குள் நான்கு சிறிய வீடுகள். முன்வீட்டில் அந்த அம்மாவும் ஆட்டோ ஓட்டும் மகனும், பின்னால் மூன்று வீடுகளில் வாடகைக்கு ஆட்கள். நான்குக்கும் ஒரே மின் இணைப்பு. வாடகை வீடுகளுக்குச் சுவரில் வரிசையாகச் சப் மீட்டர்கள். வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பது 2016 முதல் இருக்கிறது. இங்கே இணைப்பு ஒன்றே என்பதால் இலவசமும் ஒன்றே. பின்வீட்டுக்காரர்கள் முதல் யூனிட்டிலிருந்தே யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்கிறார்கள். ஏழைகளுக்கென்று அரசு கொடுக்கிற சலுகை வளவின் வாசல் வரை வந்து நின்றுவிடுவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நான் சட்டத்தைச் சொன்னேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நம் மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும், இணையத்திலேயே செய்துவிடலாம் என்றேன். "எனக்குப் பேப்பரு ஒண்ணும் வேண்டாம் மக்களே" என்றார் அந்த அம்மா. அவருடைய மாமனார் காலத்தில் கோட்டாற்றில் ஒரு கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த வாடகைக்காரரை இறக்க முடியாமல் கடைசியில் அவருக்கே அடிமாட்டு விலைக்கு விற்ற கதையைச் சொன்னார். அது 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலம். இப்போதைய சட்டத்தில் கெடு முடிந்தால் வீட்டைத் திரும்பப் பெறுவது உரிமையாளருக்கு அவ்வளவு கடினமில்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாமனாரின் கடையை என்னுடைய விளக்கத்துக்காக மறந்துவிட அவர் தயாராக இல்லை.

பேச்சு உண்மையில் திசை திரும்பியது அதற்குப் பிறகுதான். அவருக்கு மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. வீட்டு மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. மூன்று வீடுகளின் வாடகை ஆண்டுக்கு 1,62,000 ரூபாய். மகனின் ஆட்டோ வருமானத்தைச் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். நான்கு வீட்டு மின்சாரமும் ஒரே மீட்டரில் ஓடுவதால் அந்த வரம்பும் தாங்காது. மின் இணைப்பு இன்னும் மாமனார் பெயரில் இருப்பதால்தான் எல்லாம் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கிறது. "நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்துனா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துரும்லா? அந்த ஆயிரமும் போயிரும்" என்றார். விதிப்படி பார்த்தால் அவருக்கு அந்தத் தொகை கிடைக்கக் கூடாது என்று யாராவது சொல்லலாம். அந்த வீட்டின் ஓட்டையும், கழிப்பறைக் கதவுக்குப் பதிலாகத் தொங்கிய சாக்கையும் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எழும்பப் போகும்போது, விளையாட்டாகத்தான், இந்த அக்காவுக்கு வாடகைக்காக மாதம் ஆயிரம் ரூபாய் அரசாங்கம் கொடுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஐநூறாவது கூட்டுவேன்லா மக்களே. அவளுக்கும் ஐநூறு லாபம்தானே?" அக்காவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அது ஒரு நிதித்துறைச் செயலாளர் சொல்லக்கூடிய பதிலாகப் பட்டது.

மற்ற ஊர்களில் இது எப்படி நடக்கிறது

அந்த அம்மா சொன்னதைத்தான் பணக்கார நாடுகளில் பல ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். பிரான்சில் வீட்டுவசதி உதவித்தொகையை உயர்த்தியபோது அதில் பெரும்பகுதி வாடகை உயர்வாக வீட்டுக்காரர்களிடமே போய்ச் சேர்ந்தது என்று அங்கு நடந்த ஆய்வு ஒன்று கண்டது. அமெரிக்காவில் 1974 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது: குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கை வாடகையாகக் கொடுக்கும், மீதியை வீட்டுவசதி நிறுவனம் நேரே வீட்டுக்காரருக்குக் கொடுக்கும், அதற்கு முன் வீடு குடியிருக்கத் தக்கதா என்று ஆள் வந்து சோதிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தகுதியுள்ள குடும்பங்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் அது கிடைக்கிறது. இந்த உதவிக்கான சீட்டு கிடைத்தும், அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதை ஏற்கும் வீட்டுக்காரர் கிடைக்காமல் அலைகிறவர்கள் அங்கே ஏராளம். ஜெர்மனியின் வாடகை உதவிச் சட்டம் 1965-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது; ஊர்களை வாடகை மட்டத்தின்படி ஏழு தரமாகப் பிரித்து, குடும்பத்தின் ஆட்கணக்கையும் வருமானத்தையும் பார்த்து, தொகையை வாடகைதாரர் கையிலேயே கொடுக்கிறார்கள். 2023 ஜனவரியில் அதைப் பெரிதாக விரிவுபடுத்தி, சராசரித் தொகையை மாதம் 180 யூரோவிலிருந்து 370 யூரோவாக உயர்த்தினார்கள். அங்கே அது நடப்பதற்குக் காரணம், ஒவ்வொரு வாடகையும் ஏற்கெனவே தாளில் இருப்பது. நம் அம்மா பயப்படுகிற அந்த 'ஒண்ணோட ஒண்ணு சேந்துரும்' என்பது அங்கே எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

ஜெர்மனியில் என்னை உண்மையில் நிறுத்தி யோசிக்கவைத்தது வேறொரு விதி. வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதையும் வாடகைதாரர் மூன்று மாதத் தவணையாகக் கொடுக்கலாம். தங்கை மகள் இதை அக்காவிடம் சொல்லவில்லை, அல்லது அக்கா என்னிடம் சொல்லவில்லை. பிரிட்டனில் பல உள்ளாட்சி மன்றங்கள் முன்பணத்துக்குப் பதிலாக வீட்டுக்காரருக்கு உத்தரவாதப் பத்திரம் எழுதிக் கொடுக்கின்றன. சேதமோ பாக்கியோ வந்தால் மட்டும் மன்றம் பணம் கொடுக்கும். நம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மூன்று மாத வரம்பு இருக்கிறது. ஆனால் மாறாக ஒப்பந்தம் இருந்தால் ஒழிய என்று அந்த விதி தொடங்குகிறது. ஆகவே ஐம்பதாயிரம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் வரம்பு போயிற்று. பத்து மாத, பதினொரு மாத வாடகையை முன்பணமாக எழுதிய ஒப்பந்தங்களை நானே தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாமே பதினொரு மாத ஒப்பந்தங்கள்.

ஆகவே இந்த மாவட்டத்தில் வாடகை உதவி ஒன்று தொடங்குவதானால், அது மாதப் பணமாக இருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அது அம்மா சொன்ன கணக்கில் பாதியாகிவிடும். மாநகராட்சியோ கூட்டுறவு வங்கியோ முன்பணத்துக்கு ஜாமீன் நிற்கட்டும். மூன்று மாத வாடகைக்கு வீட்டுக்காரருக்கு ஓர் உத்தரவாதத் தாள். அதற்கு ஈடாக வாடகைதாரர் மாதம் ஒரு சிறு தொகையைத் தன் பெயரில் சேமிப்பாகக் கட்டிவருவார். வீடு மாறும்போது உத்தரவாதமும் சேமிப்பும் அவரோடு அடுத்த வீட்டுக்குப் போகும். பாக்கி வைக்காத குடும்பத்துக்கு அரசின் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுத்து வசூலித்துப் பழகிய கைகள் நம் மாவட்டத்தில் போதிய அளவு இருக்கின்றன. யார் தவணை தவறாதவர் என்பது குழுவின் நோட்டிலேயே இருக்கிறது.

இதில் ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு முன்பணம் வெறும் பாதுகாப்பு மட்டுமில்லை, வட்டியில்லாக் கடனும்கூட. மூன்று வீட்டு முன்பணத்தையும் சேர்த்து மகனின் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டார். உத்தரவாதத் தாளை வைத்து ஆட்டோ வாங்க முடியாது. கையில் ரொக்கம் கொடுக்கிறவர், தாள் கொண்டுவருகிறவர் என்று இரண்டு பேர் வாசலில் நின்றால் அவர் யாருக்கு வீடு கொடுப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாவட்டம் முழுக்க, வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்திருக்கும் மாடி வீடுகளின் தேக்குக் கதவுகள் இந்தக் கணக்கிலேயே சேராது; அவர்கள் வாடகைக்கு விடுவதில்லை, விட்டாலும் அண்டி ஆபீஸ் அக்காவுக்கு விடப்போவதில்லை. ஏழை வாடகைதாரருக்கு வீடு கொடுப்பவர்கள் இந்த அம்மாவைப் போன்றவர்களே. அவர்கள் தாளுக்குள் வருவதற்கு அவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும். குறைந்தது, இருப்பது போகக் கூடாது.

உரிமைத்தொகைக்கான வருமானக் கணக்கில், பதிவு செய்யப்பட்ட சிறிய வீடுகளின் வாடகையை ஒரு வரம்பு வரை சேர்க்காமல் விடலாம். ஒரே மீட்டரில் நான்கு குடும்பம் இருந்தால் 3,600 யூனிட்டை நான்கு வீட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கிடலாம். ஒப்பந்தம் பதிவான வீட்டுக்குத் தனி இணைப்பை எளிதாகக் கொடுத்து, அந்த 100 யூனிட்டையும் பின்வீட்டுக்குள் போகவிடலாம். முதலாவதும் இரண்டாவதும் ஓர் அரசாணையில் முடிகிற வேலை. மூன்றாவதற்குக் கம்பியும் மீட்டரும் வேண்டும், அவ்வளவுதான். இவை நடக்கும் முன் வாடகை உதவித் திட்டம் என்று எதை அறிவித்தாலும், அது பூர்த்தி செய்யச் சொல்லிக் கேட்கப்போகும் முதல் கட்டம் வீட்டு உரிமையாளரின் பெயராகத்தான் இருக்கும். அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுத ஒழுகினசேரி அம்மா இன்றைய நிலையில் சம்மதிக்க மாட்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் சம்மதிக்க மாட்டேன்.